1.5 வேகத்தில் ஓட்டியவர் படம் பார்க்கவில்லை

போன வாரம் 'மெய்யழகன்' படத்தைப் பற்றி நான் எழுதிய பதிவையும், அதன் கீழே வந்த அந்த ஒரு கமெண்டையும் உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் போய்த் தேட வேண்டாம். நான்கு நாளாக அங்கே நடந்த சண்டையே போதும். "செம லேக் ப்ரோ, 1.5ல ஓட்டியும் முடியல, பாதியில தூங்கிட்டேன்." கமெண்ட் அவ்வளவுதான். என் பதிவுக்கு விழுந்த லைக்கைவிட அதற்கு விழுந்த ஹாஹா அதிகம்.

அதனால் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் ஹாஹாவை எண்ணிப் பார்த்து வந்த கோபம் மட்டும் இல்லை இது. அந்த ஒரு வரிக்குள்ளேயே அவர் படத்தைப் பார்க்கவில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். 1.5 வேகத்தில், அதாவது ஒன்றரை மடங்கு வேகத்தில், ஓட்டினேன் என்கிறார், தூங்கிவிட்டேன் என்கிறார். இரண்டும் சேர்ந்தால் பார்க்கவில்லை என்றுதானே பொருள்? பார்க்காத படம் லேக், அதாவது இழுவை, என்று எப்படித் தெரிந்தது? அதற்கு இத்தனை பேர் சிரித்துத் தலையாட்டினால், அவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்களா?

அந்தப் படத்தில் என்ன நடக்கிறது? அரவிந்த்சாமி இருபது வருடத்துக்கும் மேலாகக் கால் வைக்காத தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். கார்த்தி வந்து ஒட்டிக்கொள்கிறார். "அத்தான் அத்தான்" என்று உயிரை விடுகிறார். இவருக்கு அவர் யார் என்றே தெரியவில்லை, பெயர்கூட நினைவில் இல்லை. கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சம்தான் படம். அது வசனத்தில் இல்லை. வாயைத் திறக்கப் போய், மூடிக்கொண்டு, சிரித்து மழுப்பி, வேறு பக்கம் பார்க்கிறாரே, அந்த இடைவெளியில் இருக்கிறது. ஆறு நொடி மௌனத்தை 1.5ல் ஓட்டினால் நான்கு நொடி. தயங்குகிற மனுஷன் அவசரமாகத் தலையைத் திருப்புகிற மனுஷனாகிவிடுகிறார். இரண்டும் ஒன்றா?

கல்யாண மேடையில் தங்கைக்கு நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிற காட்சி வேறு இருக்கிறது. நான் அங்கே அழுதேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒருவரும் அழுதார். ஒவ்வொன்றாக எடுப்பதால்தான் அழுகை வருகிறது. மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அது வெறும் மொய்.

சரி, இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "என் போன், என் சந்தா, என் நேரம், எப்படிப் பார்த்தால் உனக்கென்ன?" ஒன்றும் இல்லை. உங்கள் இஷ்டம்தான். தலைகீழாக நின்றுகூடப் பாருங்கள். ஆனால் அப்படிப் பார்த்துவிட்டு ஊருக்கே தீர்ப்பு எழுதும்போது அது உங்கள் சொந்த விஷயமாக இருப்பதில்லை. இன்னொருவர் அதைப் படித்துவிட்டுப் படத்தையே தொடாமல் போகிறார். "ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், எனக்கு ஒட்டவில்லை" என்று எழுதுங்கள், நானே லைக் போடுகிறேன். "படம் லேக்" என்று எழுதாதீர்கள்.

இன்னொருவர் உள்பெட்டியில் வந்து, காது கேளாதவர்களுக்கும் பார்வை இல்லாதவர்களுக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த வசதி உதவுகிறது என்றார். உண்மை, முழுசாக ஒத்துக்கொள்கிறேன். 2019இல் நெட்ஃப்ளிக்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தபோது ஹாலிவுட் இயக்குநர்கள் சிலர் கொதித்தார்கள். 2020 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு போன்களில் வசதி வந்தபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் வரவேற்றன. வசனவரிகளை நிதானமாகப் படிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்கிறவரிடம் எனக்கு என்ன சண்டை? அவர் படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். நான் பேசுவது படத்தை முடித்துத் தொலைக்க ஆசைப்படுகிறவர்களைப் பற்றி.

"புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் படிப்பதில்லையா?" என்று கேட்ட நண்பருக்கு: புத்தகத்தின் வேகம் படிக்கிறவர் கையில்தான் எப்போதும் இருந்தது. சினிமா அப்படி இல்லை. நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஷாட் எத்தனை ஃபிரேமில் முடிய வேண்டும் என்று எடிட்டர் உட்கார்ந்து ராத்திரி பகலாக முடிவு செய்கிறார். அது பாட்டு மாதிரி. இளையராஜா பாட்டை 1.5ல் வைத்துக் கேட்பீர்களா? கேட்டுவிட்டு, "ராஜா தாளம் சரியில்லை" என்று எழுதுவீர்களா? எழுதினால் விடுவோமா? படத்துக்கு மட்டும் ஏன் விடுகிறோம்?

'கொட்டுக்காளி' படத்துக்கும் இதேதான் நடந்தது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, சேவல், வண்டிக்குள் இருக்கிறவர்களின் மூச்சு, இதுதான் இசை. நாயகி அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அந்தப் பெண் பேசாமல் இருப்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். இயக்குநர் வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கியது. அப்போது "தமிழன்டா" என்று பகிர்ந்த அதே கைகள், அடுத்த படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு "கதையே இல்லை" என்று எழுதின. விருது வாங்கினால் நம்ம ஆள், உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் லேக்.

என் அலுவலகத்தில் ஒருவர் 'சுழல்' வெப் சீரிஸின் முதல் சீசனை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டதாகச் சொன்னார். எட்டு எபிசோடு. "திருவிழா வர்ற இடத்தையெல்லாம் ஓட்டிட்டேன் சார், கடைசியில ஒண்ணும் புரியல." அந்தக் கதை மயானக் கொள்ளைத் திருவிழாவோடு பின்னிக் கிடக்கிறது. ஆட்டமும் வேஷமும் உக்கிரமும் அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை. அதை ஓட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு போலீஸ் ஸ்டேஷனும் காணாமல் போன ஒரு பெண்ணும்தான். நான் அவரிடம் திருவிழாவை மட்டுமாவது போய்ப் பாருங்கள் என்றேன். "கதைதான் தெரிஞ்சிடுச்சே சார்" என்றார்.

இல்லை, எல்லா வெப் சீரிஸும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இழுவை இருக்கிறது. இரண்டு மணி நேரக் கதையை எட்டு எபிசோடாக ஊதிப் பெருக்கி, ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கதவைத் தட்டவிட்டு நிறுத்துகிறார்கள். 'வதந்தி' எனக்குப் பிடித்த சீரிஸ். ஒரே பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்ல, வெலோனி யார் என்பதே குழம்பிப் போவது அருமையான யோசனை. ஆனால் நடுவில் ஒரு எபிசோடு குறைத்திருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும். இதை நான் சொல்லலாம், ஏனென்றால் எட்டையும் முழுசாகப் பார்த்தேன். 'விலங்கு' ஏழே எபிசோடு, அதில் எனக்கு எங்கேயும் தொய்வு தெரியவில்லை. அந்த ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்கிற பேச்சு மட்டுமே போதும் எனக்கு. அதையும் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்போது அந்தச் சண்டையில் என்னை உண்மையிலேயே குத்திய வார்த்தைக்கு வருகிறேன். "இவர் பெரிய உலக சினிமா மேதாவி, நம்மளுக்கெல்லாம் ரசனை கிடையாது, க்ளாஸ் எடுக்க வந்துட்டார்." எழுதியவர் எனக்குத் தெரிந்தவர். என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர். பெயர் சொல்ல மாட்டேன்.

நான் மேதாவி இல்லை. நான் ஒரு ஆபரேட்டர் மகன். பழைய ஆட்களுக்குத் தெரியும், அப்பா எங்கள் ஊர்க் கொட்டகையில் இருபத்தி மூன்று வருடம் படம் ஓட்டினார். புரொஜெக்டருக்குள் கார்பன் குச்சி எரிந்து வெளிச்சம் தருகிற காலம். இரண்டு குச்சி முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கொஞ்சம் கூடினாலும் திரை மங்கும், கீழேயிருந்து விசில் பறக்கும். அப்பாவின் வலது கைக் கட்டைவிரல் ஓரத்தில் இன்றைக்கும் ஒரு கறுத்த தழும்பு இருக்கிறது. ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அடுத்த மெஷினின் மோட்டாரை ஓட விட வேண்டும். சில நொடியில் இரண்டாவது புள்ளி, உடனே மாற்ற வேண்டும். கீழே இருக்கிறவர்களுக்கு எதுவுமே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவர் வேலை. சின்ன வயதில் அந்த அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, துவாரம் வழியாகத்தான் நான் சினிமா பார்த்தேன். இன்றைக்கும் தியேட்டரில் என் கண் அந்த மூலைக்குப் போய் வருகிறது.

அந்தக் கொட்டகையில் கூட்டம் இல்லாத ராத்திரிகளில், இரண்டாவது ஆட்டத்தில் ஒரு ரீலை விட்டுவிட்டு ஓட்டச் சொல்வார்கள். ஒரு ரீல் சுமார் 20 நிமிடம். சீக்கிரம் முடித்தால் கரண்ட் மிச்சம், கார்பன் மிச்சம். அப்பா ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பார். ஒருநாள் முடியவில்லை. மேனேஜரே மேலே ஏறி வந்து பெட்டியிலிருந்து ரீலை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். கீழே நாற்பது பேர்கூட இல்லை.

ஆட்டம் முடிந்து, எல்லாவற்றையும் அணைத்து, அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், கேட் ஓரமாக ஒரு அம்மா நிற்கிறார். வேலை முடித்து அப்படியே படத்துக்கு வந்தவர் போல, கையில் தூக்குவாளி. "தம்பி, நீங்கதான படம் ஓட்டுனது? அந்தப் பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போனுச்சே, அப்புறம் திடீர்னு அம்மா வீட்டுல இருக்கே, நடுவுல என்ன ஆச்சு? எனக்குத்தான் வெளங்கலையா?"

தனக்குத்தான் விளங்கவில்லை என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். இதைச் சொல்லும்போது அப்பாவுக்கு இன்றைக்கும் குரல் மாறும். ராத்திரி ஒரு மணிக்கு மேல், தெருவிளக்குக்குக் கீழே சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, விட்டுப்போன 20 நிமிடக் கதையையும் அவருக்குச் சொன்னாராம். ஒரு காட்சி விடாமல். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லா சொன்னீங்க தம்பி, ஆனா பாக்கலையே" என்று சொல்லிவிட்டு நடந்து போனாராம்.

படம் பார்க்க எந்த மேதாவித்தனமும் தேவையில்லை. அந்த அம்மா எந்த உலக சினிமா பார்த்தார்? காசு கொடுத்து வந்தார், கண்ணை எடுக்காமல் பார்த்தார், 20 நிமிடம் காணோம் என்பதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு நாம் அந்த ரீலை நாமே எடுத்து எறிகிறோம். பத்து நிமிடத்தில் முழுக்கதையும் சொல்கிற வீடியோவைப் பார்த்துவிட்டுப் படம் பார்த்த கணக்கில் சேர்க்கிறோம். இரண்டரை மணி நேரப் படத்தை ஒன்றே முக்கால் மணிக்கும் குறைவாக முடித்துவிட்டு, அந்த மிச்ச நேரத்தில் என்ன செய்கிறோம்? அதே போனில் இன்னொன்றை ஓட்டுகிறோம். கதை தெரிந்தால் போதும் என்றால் அப்பா எதற்கு இருபத்தி மூன்று வருடம் அந்த வெக்கையில் நின்றார்? கீழே போய் மைக் பிடித்துக் கதை சொல்லியிருக்கலாமே?

கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். பரவாயில்லை, அழிக்கப் போவதில்லை.

2024 செப்டம்பர் 27 அன்று 'மெய்யழகன்' வெளியானது. நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். நீளம், நீளம் என்று இதே மாதிரி எழுந்த குரல்களுக்குப் பிறகு, சில நாளிலேயே 18 நிமிடத்தை வெட்டினார்கள். இயக்குநர் பிரேம்குமாரே அறிவித்தார். இரண்டாவது வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இப்போது ஒரு காது சரியாகக் கேட்காது. பல வசனங்கள் பிடிபட்டிருக்காது. ஆனால் படம் முழுக்க முன்னால் சாய்ந்து, முன்சீட்டின் முதுகில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்த்தார். இடைவேளையில்கூட எழுந்து வரவில்லை.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, 18 நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்பதைச் சொன்னேன். நின்றுவிட்டார்.

"ஒரு ரீலா?" என்றார்.

"கிட்டத்தட்ட."

"நீ மொத நாளே பாத்தியே. என்ன இருந்துச்சு அதுல?"

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரமாகத் தள்ளி ஸ்டாண்டு போட்டேன். கேட்கிற காதுப் பக்கமாகப் போய் நின்று, ஒவ்வொரு காட்சியாகச் சொல்ல ஆரம்பித்தேன்.