கட்சிகளை ஒழித்தால் முடக்கம் தீராது
'பட்ஜெட் நிறைவேறாமல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் அடிக்கடி முடங்குவதற்குக் கட்சிகள்தான் காரணம், அவற்றை ஒழித்தால் சரியாகிவிடும்' என்று சிலர் சொல்வது தவறான முடிவு. 1970களின் பிற்பகுதியிலும் அங்கே இதே இரண்டு கட்சிகள்தான் (ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி). பட்ஜெட் இழுபறியில் நிதி ஒதுக்கீடு பலமுறை காலாவதியானது. ஆனாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் திறந்தே இருந்தன. ஒதுக்கீடு இல்லாமல் வேலை நடக்கக்கூடாது என்று 1980இல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி, அரசுச் செலவு பற்றிய சட்டத்துக்கு விளக்கம் சொன்ன பிறகுதான் கதவடைப்பு வழக்கமானது.

அப்புறம், கட்சிகள் இல்லாவிட்டாலும் முடக்கம் வரும் என்பதற்கு உதாரணம், நவீனக் கட்சிகளே இல்லாத பழைய போலந்து நாடாளுமன்றம்: ஒரே ஒரு உறுப்பினர் எதிர்த்தால் போதும், அந்தக் கூட்டத்தொடரில் நிறைவேறிய எல்லாமே செல்லாது! 1791 அரசியலமைப்புதான் அந்த விதியை ஒழித்தது.

கட்சிகளின் பிடிவாதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பட்ஜெட் தாமதமானால் பழைய ஒதுக்கீடு தானாகத் தொடரும் என்று ஒரு விதி இருந்தாலே ஊழியர்களின் சம்பளம் நிற்காது.