ஆறும் இரண்டும்

போக்கர் சீட்டாட்டம் என்றாலே, கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமல், பணத்துக்குப் பதில் வைத்தாடும் வில்லைகளான சிப்ஸ் மொத்தத்தையும் மேசை நடுவே தள்ளுகிறவர்களைத்தான் கொண்டாடுகிறோம். எனக்குப் பிடித்தவர் டான் ஹாரிங்டன். பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வந்த சீட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்து, அந்தந்தச் சுற்றிலிருந்து விலகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர். இவருக்குப் பட்டப்பெயர் 'ஆக்‌ஷன் டான்'!

மாசசூசெட்ஸ்காரர். 1971-இல் அந்த மாநிலத்தின் செஸ் சாம்பியன். திவால் வழக்குகள் பார்த்த வக்கீல். கையிருப்பு கரைந்துபோனால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அல்லவா, அந்த நிதானம் அங்கிருந்தும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1995-இல் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். பரிசு 10 லட்சம் டாலர். ஆனால் நான் பெரிதாக நினைப்பது அதையல்ல. அதே போட்டியில் 2003-இல் 839 பேர் ஆடியதில் மூன்றாமிடம். மறு வருடம் கூட்டம் 2,576 பேராகப் பெருகியது, அதிலும் நான்காமிடம். இதையும் அதிர்ஷ்டம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

'பயந்தாங்கொள்ளி ஆட்டம்' என்பவர்கள் 2004-இல் கடைசிவரை மிஞ்சியவர்கள் ஆடிய இறுதி மேசையில் நடந்த ஒரு சுற்றைப் பார்க்க வேண்டும். கிரெக் ரேமர் பந்தயத்தை ஏற்றுகிறார். ஜாஷ் ஆரியே அதே தொகையை வைத்து, அதற்கு ஈடுகட்டி உள்ளே வருகிறார். ஹாரிங்டன் கையில் இருப்பது ஆறும் இரண்டும். சீட்டாட்டத்தில் அதைவிட மட்டமான கை தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு பெரிய தொகையாக ஏற்றினார். எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டார்கள்.

இதே வேலையை எப்போதும் அடித்து ஆடுகிற ஒருவர் செய்திருந்தால் யாராவது ஒருவர் 'சரி, காட்டு பார்க்கலாம்' என்று உள்ளே வந்திருப்பார். ஹாரிங்டன் ஏற்றினால் நல்ல சீட்டு என்று மேசையே நம்பியது. அந்த நம்பிக்கை, அவர் அதுவரை பேசாமல் கவிழ்த்து வைத்த சீட்டுகளால் சேர்ந்தது. அப்புறம், அவர் நேரம் பார்த்ததையும் கவனியுங்கள். முதலில் ஏற்றியவருக்குப் பின்னால் இன்னும் ஒருவர் முடிவெடுக்க வேண்டும், அதனால் அவர் துணிந்து உள்ளே வரத் தயங்குவார். ஈடுகட்டியவரிடம் மிக வலுவான சீட்டு இருந்திருந்தால் அவரே ஏற்றியிருப்பார். இருவரையும் ஒரே நேரத்தில் நெருக்கினார். இத்தனையும் கணக்குப் போட்ட பிறகுதான் அந்த மனிதரின் கை சிப்ஸுக்குப் போனது.