கண்டக்டரை விடுங்க, கட்டணப் பட்டியலைப் பாருங்க

நாகர்கோவில் வடசேரியிலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் வண்டிகளில் டிக்கெட் தகராறு வந்தால் பழி கண்டக்டர் மேல் விழும், இல்லையென்றால் அவர் கையில் இருக்கும் மிஷின் மேல் விழும். "புது மிஷின் வந்தா எல்லாம் சரியாயிடும்" என்பது பல வருடமாகக் கேட்கிற ஆறுதல். மிஷின் மாறிக்கொண்டேதான் இருக்கிறது, தகராறு மட்டும் அப்படியே இருக்கிறது. காரணம், மிஷின் கட்டணத்தைக் கணக்குப் போடுவதே இல்லை. பணிமனையில் ஏற்றிவிட்ட பட்டியலைப் பார்த்து அச்சடிக்கிறது, அவ்வளவுதான். பட்டியல் தப்பென்றால் ஆண்ட்ராய்டு மிஷினும் அதே தப்பைத்தான் கலர் திரையில் காட்டும்.

அந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும். தடத்தின் ஸ்டேஜ்கள், அதாவது கட்டணம் மாறும் நிறுத்தங்கள், வரிசையாக இருக்கும்: வடசேரி, பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அதைத் தாண்டி பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை, கடைசியாகத் திருவனந்தபுரம் ஸ்டாண்டு இருக்கும் தம்பானூர். நடுவில் சின்னச் சின்ன ஸ்டேஜ்கள் வேறு. ஒவ்வொரு ஸ்டேஜிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம் வேண்டும். 30 ஸ்டேஜ் என்றால் 435 கட்டணம். ஆர்டினரிக்கு ஒன்று, எக்ஸ்பிரஸுக்கு ஒன்று என்றால் 870. ஒரே ஒரு தடத்துக்கு! இதில் நாலைந்து இடத்தில் தப்பு இருந்தால் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, அந்த ஸ்டேஜில் தினமும் ஏறுகிறவருக்குத்தான் தெரியும். நடுவில் எங்கும் நிற்காத திருநெல்வேலி எண்ட் டு எண்ட் வண்டியில் யாராவது டிக்கெட் விலைக்குச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒரே கட்டணம், பட்டியலே கிடையாது.

பட்டியல் சரியாகவே இருந்தாலும் அடுத்த சிக்கல் ஸ்டேஜ் நகர்த்துவது. வண்டி ஒரு ஸ்டேஜைத் தாண்டும்போது கண்டக்டர் மிஷினில் அடுத்த ஸ்டேஜுக்கு மாற்ற வேண்டும். காலை எட்டரைக்கு வில்லுக்குறி தாண்டும் வண்டியில் அவர் பின்பக்கப் படியருகே கூட்டத்தில் சிக்கியிருப்பார். மிஷின் இன்னும் சுங்கான்கடையிலேயே நிற்கும். தக்கலையில் ஏறியவருக்கு அந்த டிக்கெட் போட்டால் இரண்டு ஸ்டேஜ் கூடுதல் காசு. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தக்கலை வருவதற்கு முன்பே தக்கலைக்கு மாற்றிவிட்டால், வில்லுக்குறியில் ஏறியவருக்குக் குறைந்த கட்டண டிக்கெட் விழும். அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் ஏறினால் மாட்டுவது பயணியா, கண்டக்டரா?

மோட்டார் வாகனச் சட்டம் 178-ஆம் பிரிவை இங்கே பலர் பாதிதான் படிக்கிறார்கள். டிக்கெட் இல்லாமல் போனால் 500 ரூபாய் வரை அபராதம் என்பது எல்லாருக்கும் தெரியும், வண்டிக்குள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, கட்டணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் தராத, அல்லது குறைந்த மதிப்புக்கு டிக்கெட் தந்த கண்டக்டருக்கும் 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதாவது ஸ்டேஜ் மாறிப்போன ஒரு பட்டன் அழுத்தத்துக்கு இரண்டு பேருமே குற்றவாளி. மிஷினில் பட்டியலை ஏற்றியவருக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை.

"ஜிபிஎஸ் வைத்துத் தானாக ஸ்டேஜ் மாறும்படி செய்துவிடலாமே" என்பார்கள். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் நம்ம ரோட்டைத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டும். மார்த்தாண்டத்தில் பம்மத்திலிருந்து வெட்டுமணி வரை மேம்பாலம் இருக்கிறது. ஜிபிஎஸ் புள்ளிக்கு மேல், கீழ் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மேலே ஏறிப் போகும் வண்டியும் கீழே ஸ்டாண்டுக்குப் போகும் வண்டியும் மிஷினுக்கு ஒன்றுதான். மேலே போகும் வண்டியில் மார்த்தாண்டம் என்ற ஸ்டேஜையே திறக்கக் கூடாது. இதைத் தட வாரியாக, சர்வீஸ் வாரியாகப் பிரித்து எழுதிக் கொடுக்க வேண்டியது மென்பொருள் கம்பெனி இல்லை, பணிமனையின் கிளை மேலாளர். கடைசி வழியாக, கண்டக்டர் தானே மாற்றும் பட்டன் ஒன்றும் இருக்க வேண்டும், மாற்றினால் அது பதிவாகவும் வேண்டும்.

இனி எல்லைக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் வேலைக்கும் பாதி ஊர் இன்னும் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறது. அந்த ரோட்டில் நம்ம வண்டியும் ஓடுகிறது, கேரளா வண்டியும் ஓடுகிறது. தமிழ்நாட்டுப் பகுதிக்குத் தமிழ்நாட்டு விகிதம், கேரளப் பகுதிக்குக் கேரள விகிதம், இரண்டையும் கூட்டித்தான் கட்டணம். கேட்க எளிதுதான். ஆர்டினரி விகிதத்தில் போட்டுப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை ஏறத்தாழ 35 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 58 பைசா, சுமார் 20 ரூபாய். அங்கிருந்து தம்பானூர் 30 கிலோமீட்டர். கேரளத்தில் 2022 மே 1 முதல் முதல் 2.5 கிலோமீட்டருக்கு 10 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 1 ரூபாய். 37.50 வரும், ரவுண்டு போட்டால் 38. தூரம் குறைவான பாதிக்குக் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது யாருடைய திருட்டும் இல்லை. கேரளா விகிதத்தை ஏற்றியிருக்கிறது, தமிழ்நாடு 2018 ஜனவரிக்குப் பிறகு வருடக்கணக்கில் கை வைக்கவில்லை. ஆனால் இதை எந்த ஸ்டாண்டிலும் எழுதி வைக்காததால், "மலையாளத்தான் ஏமாத்துறான்" என்று இந்தப் பக்கமும் அதையே திருப்பி அந்தப் பக்கமும் பேசிக்கொள்கிறோம்.

உண்மையான அநியாயம் குறைந்த தூரத்தில் இருக்கிறது. குழித்துறையில் ஏறி பாறசாலையில் இறங்குகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையில் கணக்கை வெட்டி இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போட்டால், இந்தப் பக்கம் ஒரு குறைந்தபட்சக் கட்டணம், எல்லையிலுள்ள இஞ்சிவிளை தாண்டியதும் கேரளத்தின் முதல் ஸ்டேஜ் பத்து ரூபாய் முழுசாகச் சேரும். குறைந்தபட்சக் கட்டணம் என்பதே ஏறி இறங்கும் சிரமத்துக்கு ஒருமுறை வாங்குவது. ஒரே வண்டியில், ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் அதை இரண்டுமுறை வாங்கக் கூடாது. ஏறிய மாநிலத்தின் குறைந்தபட்சத்தை ஒருமுறை வாங்கிவிட்டு, எல்லைக்கு அப்பால் கிலோமீட்டர் கணக்கை மட்டும் கூட்ட வேண்டும். களியக்காவிளை, பாறசாலை, பளுகல் பக்கத்து அன்றாடக் கூலிக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஒரு திருத்தம் எந்தப் புது மிஷினையும் விடப் பெரிசு.

விகிதம் மாறும் நாளில் நடப்பது இன்னொரு கூத்து. 2018-இல் ஜனவரி 20 அன்று கட்டணம் ஏறியது, 29-ஆம் தேதி கொஞ்சம் குறைந்தது. பத்து நாளுக்குள் எல்லாப் பட்டியலும் இரண்டுமுறை மாற வேண்டும். ஒரு பணிமனை மாற்றி, இன்னொன்று மாற்றாமல் விட்டால், அல்லது நம்ம போக்குவரத்துக் கழகம் மாற்றி கேரளா தன் வண்டியில் தமிழ்நாட்டுப் பகுதியை மாற்றாமல் விட்டால், ஒரே ரோட்டில் முன்னும் பின்னும் போகும் இரண்டு வண்டியில் இரண்டு விலை. இதற்கு மருந்து ரொம்பச் சாதாரணம். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு பதிப்பு எண் கொடுத்து அதை டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள். பட்டியல் 14 ஓடவேண்டிய நாளில் 13 என்று அச்சானால் பயணியே கண்டுபிடித்துவிடுவார், கண்டக்டரும் தப்பிப்பார். இரண்டு கழகத்துக்கும் பொதுவான தடங்களுக்குப் பட்டியல் தயாரிக்க ஒரே ஒரு இடம், பொறுப்பாக ஒரே ஒரு அதிகாரி. இப்போது யாரைக் கேட்டாலும் "அது மேலேயிருந்து வர்றது" என்பதுதான் பதில்.

யுபிஐ பற்றி நீளமாக எழுதலாம், சுருக்கமாக முடிக்கிறேன். மிஷின் திரையில் வரும் கியூஆர் அந்த ஒரு டிக்கெட்டுக்கானது. பயணி கணக்கிலிருந்து பணம் போய்விடும், ஆனால் "வந்துவிட்டது" என்ற செய்தி மிஷினுக்கு வர மிஷினிலுள்ள சிம்முக்கு சிக்னல் வேண்டும். அது வராவிட்டால் டிக்கெட் அடிக்காது. ரொக்கமாக அடித்துக் கொடுத்தால் இரவு கணக்கு ஒப்படைக்கும்போது அந்தக் காசு கண்டக்டர் கைப்பணம். அடிக்காவிட்டால் பயணி டிக்கெட் இல்லாதவர். ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த விதிப்படி, கடைக்காரருக்கு உறுதி வராத யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. சரி, பணம் ஐந்து நாளில் வரும், செக்கிங் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாரே! அதனால் மிஷினில் "நிலுவை டிக்கெட்" என்று ஒரு வகை வேண்டும். பரிவர்த்தனை எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பதிந்து டிக்கெட் அடிக்க வேண்டும், சிக்னல் வந்ததும் மிஷின் தானே சரிபார்க்க வேண்டும், தோற்றுப்போனால் நஷ்டம் கழகத்துடையது. நேரத்தையும் மறக்க வேண்டாம். ஒரு டிக்கெட்டுக்கு 20 விநாடி கூடினால், 30 பேர் ஏறும் இடத்தில் 10 நிமிடம் போச்சு.

அந்த வகையில் எல்லைத் தடத்துக்குப் பொருத்தம் கார்டுதான். தேசியப் பொது போக்குவரத்து அட்டை 2019 மார்ச்சில் வந்தது. கார்டுக்குள்ளேயே இருப்பு இருக்கும், சிக்னல் இல்லாவிட்டாலும் தட்டினால் கழியும். சென்னை மாநகரப் பேருந்தில் 2025 ஜனவரியில் சிங்கார சென்னை அட்டையாக வந்துவிட்டது. நம்ம ரோட்டுக்கு அதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. இரண்டு மாநிலமும் கணக்கு வழக்கு பேசித் தீர்க்க வேண்டியதே இல்லை. எந்த வண்டியில் தட்டினோமோ அந்தக் கழகத்துக்குப் பணம் போய்விடும். மாதாந்திர பாஸ்தான் சிக்கல். நம்ம வண்டி பாஸ் ஆனவண்டியில், அதாவது கேரள அரசுப் பேருந்தில், செல்லாது, ஏனென்றால் அந்தந்த வண்டி வசூல் அந்தந்தக் கழகத்துக்கு, பங்கு போடும் ஏற்பாடே கிடையாது. அதைப் பேசி முடிக்க வருடங்கள் ஆகும். கார்டைத் தட்டுவதற்கு யாரும் யாரோடும் பேச வேண்டாம், இரண்டு பக்க மிஷினிலும் கார்டு ரீடர் வேலை செய்தால் போதும்.

மகளிர் ஜீரோ டிக்கெட்டுக்கு வருகிறேன், இதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். ஆந்திரா 2025 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய ஸ்த்ரீ சக்தி என்ற இலவசப் பயணத் திட்டத்தில் அடையாள அட்டை காட்ட வேண்டும். இங்கே வேண்டாம், களியக்காவிளையில் ஏறும் பாறசாலைக்காரிக்கும் ஜீரோ டிக்கெட்தான். இதை மாற்றச் சொல்பவர்கள் எட்டரை மணி கூட்டத்தில் ஆதார் பார்த்து டிக்கெட் போட்டுக் காட்டட்டும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அரசு கழகத்துக்குத் தரும் ஈட்டுத்தொகைக்கு இந்த டிக்கெட் எண்ணிக்கைதான் ஆதாரம். கூட்டத்தில் ஸ்டேஜ் பார்க்காமல் மொத்தமாகப் பத்து ஜீரோ டிக்கெட்டை அடித்துக் கையில் திணித்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், யார் எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்பது முழுப் பொய்யாக இருக்கும். நாளைக்கு அந்தப் பொய்யை வைத்துத்தான் எந்தத் தடத்தில் டிரிப் குறைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். கண்டக்டருக்குக் கிடைக்கும் படியான பாட்டாவைக் கலெக்ஷனை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் இலவசப் பயணி கண்டக்டருக்குச் சுமையாகத் தெரிவார், ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி தள்ளிப் போய் நிற்கும். ஜீரோ டிக்கெட்டுக்கும் பாட்டாவில் மதிப்பு வேண்டும், ஸ்டேஜ் சரியாகப் பதிந்த டிக்கெட்டுக்கு மட்டும்.

சர்வீஸ் வகையையும் வெளியிலிருந்தே தெரியும்படி வையுங்கள். காலையில் ஆர்டினரியாக ஓடிய அதே வண்டி மதியம் போர்டை மட்டும் மாற்றி எக்ஸ்பிரஸாக நிற்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் விலை தெரிகிறது.

மிஷின் ஒப்பந்தம் போடும்போது டிக்கெட்டுக்கு இத்தனை பைசா என்று மட்டும் கொடுத்தால், பேட்டரி செத்த மிஷினால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அந்த நேரத்தில் கண்டக்டர் பழைய காகித டிக்கெட் கட்டை எடுத்துக் கிழித்துக்கொண்டிருப்பார். மிஷின் வேலை செய்த மணிநேரத்துக்குக் காசு கொடுங்கள், சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை நின்றுபோனால் பிடித்தம் செய்யுங்கள். பட்டியலும் பயணத் தரவும் கழகத்தின் சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் கம்பெனி மாறும்போது 870 கட்டணத்தையும் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும், பழைய தப்பெல்லாம் புதிதாகப் பிறக்கும்.

இந்தத் தடத்தில் கூடுதலாகவோ குறைவாகவோ விழுந்த டிக்கெட் இருந்தால் கமெண்டில் படம் போடுங்கள். தெர்மல் தாள் சில வாரத்தில் வெளுத்துவிடும், அதனால் இன்றே எடுத்துவிடுங்கள். தேதி, நேரம், தடம் எண், ஏறிய ஸ்டேஜ், இறங்கிய ஸ்டேஜ், தொகை தெரிய வேண்டும். உண்மையில் எங்கே ஏறினீர்கள் என்பதையும் எழுதுங்கள். கண்டக்டர் எண்ணையும் வேபில் (அவருடைய அன்றைய கணக்குச் சீட்டு) எண்ணையும் மட்டும் விரலால் மறைத்துவிடுங்கள், நமக்கு வேண்டியது பட்டியலில் உள்ள தப்பு, அவருக்கு ஒரு மெமோ இல்லை.