விற்கட்டும், ஆனால் என்னவென்று தெரிந்து விற்கட்டும்

விண்வெளித் திட்டங்களில் மிஞ்சிய கருவிகளை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு ஏலம் விடுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம், வரலாற்றைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்ற புலம்பலும் கூடவே எழுகிறது. அந்தப் புலம்பலில் எனக்குப் பெரிய உடன்பாடில்லை. மக்கள் கைக்குப் போனதாலேயே பிழைத்த பொருள்களும் உண்டு. அரசின் கிடங்கில் பத்திரமாக இருந்ததாலேயே அழிந்தவையும் உண்டு.

1976இல் நடந்த அரசு உபரிப் பொருள் ஏலம் ஒன்றில், நாசாவில் பயிற்சியில் இருந்த மாணவர் ஒருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காந்த நாடாச் சுருள்களை 217.77 டாலருக்கு வாங்கினார். தொலைக்காட்சி நிலையங்கள் பழைய நாடாவை வாங்கி அதன்மேல் மறுபடியும் பதிவு செய்துகொண்ட காலம் அது. அவரும் சிலவற்றை அப்படியே கைமாற்றிவிட்டார். மூன்று பெட்டிகளின் மேல் அப்பல்லோ 11 என்ற பெயரும் 1969 ஜூலை 20 என்ற தேதியும் ஒட்டியிருந்ததை அவருடைய தந்தை கவனித்ததால் அவை மட்டும் வீட்டில் தங்கின. நிலவில் மனிதர் முதன்முதலாக நடந்த காட்சியின் பதிவுகளான அந்த மூன்று சுருள்களும் 2019இல் சோத்பீஸ் ஏலத்தில் 18 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின.

இனி நாசா தன்னிடமே வைத்துக்கொண்டதற்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். நிலவிலிருந்து வந்த ஒளிபரப்பின், தொலைக்காட்சிக்கு ஏற்ப மாற்றப்படாத மூலப் பதிவுகளைத் தேடி அலைந்த குழு, நாடாத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளில் அவை அழிக்கப்பட்டு வேறு தரவுகளைப் பதிவு செய்யப் பயன்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு 2009இல் வந்தது. இதை அறிந்த பிறகும், 217 டாலருக்கு வாங்கியவர் கொள்ளை லாபம் அடித்துவிட்டார் என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தம் பொறுப்பில் வைத்திருந்து காப்பாற்றியவர் அவர்தானே.

என்னுடைய மனத்தாங்கல் வேறு. விற்கும்போது, அது இன்னதென்று அறிந்தவர் யாரும் அங்கே இருப்பதில்லை. அமெரிக்க முறைப்படி உபரிப் பொருள் முதலில் மற்ற மத்திய அரசுத் துறைகளுக்கும், பிறகு மாநில அமைப்புகள் வழியாகப் பள்ளிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் காட்டப்பட்டு, யாரும் கேட்காதபோதே பொது ஏலத்துக்கு வருகிறது. ஏற்பாட்டில் பழுதில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் அதிகாரிகள் பார்ப்பது பட்டியலைத்தான், பொருளை அல்ல. பட்டியலில் பிழை இருந்தால் எல்லாப் படிகளையும் அது தாண்டிவிடும். நிலவு மண்ணைக் கொண்டுவந்த அப்பல்லோ 11 பை ஒன்று, அரசு கைப்பற்றிய சொத்துகளின் ஏலத்தில் 2015இல் வெறும் 995 டாலருக்குப் போனதற்குப் பட்டியல் எண் மாறிப்போனதே காரணம். வாங்கியவர் சோதனைக்கு அனுப்பிய பிறகே நாசாவுக்கு உண்மை தெரிந்தது. தன்னிடம் வந்த பையைத் திருப்பித் தர மறுத்து, வழக்கில் தோற்றது. 2017இல் அதே பை ஏறக்குறைய 18 லட்சம் டாலருக்கு விற்றது.

எதையும் விற்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. விண்வெளி ஓடத் (ஸ்பேஸ் ஷட்டில்) திட்டத்தை மூடும் வேலைகள் நடந்தபோது, தரவு அழிப்புச் சோதனையில் தேறாத கணினிகள் நாசாவின் ஏவுதளமான கென்னடி மையத்திலிருந்து வெளியே போய்விட்டதை நாசாவின் தலைமை ஆய்வாளர் 2010இல் சுட்டிக்காட்டினார். தரவு சேமித்த கருவியும், ஏவுகணைக்கும் உதவக்கூடிய வழிகாட்டும் கருவியும் வேறு ரகம். அவற்றை நொறுக்கித்தான் அனுப்ப வேண்டும் என்றால் நொறுக்கட்டும்.

அதே காலத்தில் நாசா ஓடத்தின் வெப்பக்காப்பு ஓடுகளை, அனுப்பும் செலவான 23.40 டாலரை மட்டும் வாங்கிக்கொண்டு, பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுத்தது. சிலிக்கா இழையால் ஆன அந்த ஓட்டின் பெரும்பகுதி காற்றுதான். கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஓடத்தின் உடலில் எந்த இடத்துக்கு உரியதோ அதற்கென்றே செதுக்கப்பட்டு, அதன் எண்ணையும் மேலேயே தாங்கியிருந்தது. ஏலத்துக்கு வரும் வால்வுக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் இதே அளவு அடையாளம் இருந்தால் போதும்: எந்தக் கலத்துக்காகச் செய்தது, பறந்ததா, சோதனைக்கு மட்டும் பயன்பட்டதா என்று திட்டத்தில் வேலை செய்த ஒருவர் எழுதித் தரும் நான்கு வரிகள். கூடவே அதற்குரிய வரைபடங்களில் வெளியிடத் தக்கவற்றின் நகலும்.

இந்த விஷயத்தில் ரஷ்யர்கள் தெளிவாக இருந்தார்கள் என்றே தோன்றுகிறது. 1993இல் நியூயார்க்கில் அவர்கள் ஏலம் விட்ட லுனோகோட் 2 என்ற சோவியத் ஆய்வு வண்டி, விற்ற அன்றும் நிலவில்தான் நின்றது. கணினி விளையாட்டுகளை உருவாக்கும் ரிச்சர்ட் கேரியட் அதை 68,500 டாலருக்கு வாங்கினார். நிலவில் இருக்கிறது என்று சொல்லியே விற்றார்கள், எடுத்து வருவது மட்டும் வாங்கியவர் பாடு!

விண்வெளி ஓடம் கடைசியாகப் பறந்தது 2011இல். அந்தத் திட்டத்தின் தொடக்கத்தில் சேர்ந்த இளைஞர்களே இன்று ஓய்வு வயதைக் கடந்துவிட்டார்கள். கிடங்கில் இருக்கும் பெட்டியைத் திறந்து, இது இன்னது என்று சொல்ல அவர்களால் முடியும். ஏலத் தேதி குறிப்பதற்கு முன்பு அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதற்கு ஆகும் செலவு, 995 டாலருக்கு விற்றதை மீட்கத் தொடுத்த வழக்குச் செலவைவிடக் கூடுதலாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.