1,128 டொலர் செய்தி பொய், அனுப்பாதேங்கோ

“அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை செய்யும் எல்லோருக்கும் இனி வாரம் 1,128 டொலருக்குக் குறையாத சம்பளம். சட்டம் வந்துவிட்டது.” இரண்டு நாளாக இந்தச் செய்தி யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. கொக்குவிலில் ஒரு அன்ரி அதைப் போனில் காட்டி, “என்ர மகனுக்கும் கூடுமோ?” என்று கேட்டார்.

இல்லை. அந்தத் தொகை குறைந்தபட்சச் சம்பளமே அல்ல. மேலதிக நேரக் கொடுப்பனவு யாருக்குத் தேவையில்லை என்று பிரிக்கும் கோடு அது. கோட்டுக்குக் கீழே சம்பளம் வாங்கும் அலுவலக ஊழியர் வாரம் 40 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால், மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். விரிவுரையாளர்களுக்கு இந்தக் கோடு பொருந்தாது.

அதோடு 1,128 நடைமுறைக்கு வரவும் இல்லை. 2025 ஜனவரியில் வரவிருந்ததை, 2024 நவம்பரில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்துச் செய்தது. கோடு பழைய 684 டொலருக்கே திரும்பியது. சில மாநிலங்களில் அதைவிடக் கூட, அது வேறு கதை.

அதே செய்தியில் வரும் “சம்பளக் கணக்கெடுப்பில் உள்ள தொகையைக் கட்டாயம் தர வேண்டும்” என்ற வரியும் பிழை. மற்றப் பல்கலைக்கழகங்கள் என்ன கொடுக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கணக்கெடுப்பு.

அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உயர்கல்வி நிறுவனங்களுக்கான 17எஸ் விளக்கத்தாளைப் பாருங்கள். செய்தி வந்தால் உடனே அழித்துவிடுங்கள்.