அந்தத் தகட்ட மட்டும் மாத்திக் குடுங்க

ஞாயித்துக்கெழம நம்ம ஊர்ல நடந்த பாராட்டு விழாவுல, நாப்பது பேருக்கு "வீர் சக்ரா விருது"ன்னு தகடு ஒட்டுன ஷீல்டு குடுத்த போட்டோவ எல்லாருமே பார்த்திருப்பீங்க. எனக்கே ஏழெட்டுப் பேரு வாட்ஸப்ல அனுப்பிட்டாங்க, அதனால நான் திரும்பப் போடல. நாலு நாளா பேசாம இருந்து பார்த்தேன், முடியலீங்க. சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். வீர் சக்ராங்கறது சண்டையில எதிரிக்கு முன்னால நின்னு காட்டுன வீரத்துக்கு நாடு குடுக்கற பதக்கம். அந்தப் பேர எடுத்து ஷீல்டுல அடிச்சு, பந்தல் செலவு ஏத்துக்கிட்டவங்களுக்கும், சாப்பாட்டுக்குப் பணம் குடுத்தவங்களுக்கும் மேடையேத்திக் குடுக்கக் கூடாது.

வாங்குனவங்கள நான் குத்தம் சொல்லல. அதுல ஒருத்தரு ஊர்க் கொளம் தூர்வார சொந்த ஜேசிபிய வாடகை வாங்காம விட்டவரு. அவருக்கு மாலை போடுங்க, பொன்னாடை போர்த்துங்க, நானே வந்து முன்வரிசையில உக்காந்து கை தட்டறேன். ஆனா அதுக்கு வேற பேரே கெடைக்கலீங்களா? தமிழ்ல பேருக்கா பஞ்சம்?

"பேருல என்ன இருக்குதுங்க, எல்லாம் ஒரு பாராட்டுதான"ன்னு அந்த விழாவப் பத்தி ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தாப்ல. பேருலதான் தம்பி எல்லாமே இருக்குது. 1950 ஜனவரி 26ந்தேதி, குடியரசு ஆன அன்னிக்கே பரம் வீர், மகா வீர், வீர்னு மூணு சக்ராவையும் அறிவிச்சு, 1947 ஆகஸ்ட் 15ல இருந்தே செல்லும்னு வெச்சாங்க. மூணுலயும் ஒசந்த பரம் வீர் சக்ரா இன்னிக்கு வரைக்கும் 21 பேருக்குத்தான். அதுல 14 பேரு உசுரு போன பொறவு வாங்குனவங்க. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அந்த 14ல ஒருத்தரு. 1987 நவம்பர் 25, இலங்கையில ராத்திரி தேடுதல் முடிச்சுத் திரும்பறப்ப ஒரு ஆயுதக் கும்பல் தாக்கிருச்சு. நெஞ்சுல குண்டு பாஞ்ச பொறவும் சுட்டவன் கையில இருந்த துப்பாக்கியப் புடுங்கி அவனச் சுட்டுட்டு, உசுரு போற வரைக்கும் தன் ஆளுங்களுக்கு ஆர்டர் குடுத்துட்டே இருந்திருக்காரு.

இந்த வீர் சக்ராவையே எடுத்துக்குங்க. ராமநாதபுரம் பக்கம் கடுக்கலூர்ல பொறந்த ஹவில்தார் பழனி, 2020 ஜூன்ல லடாக் கல்வான்ல சீனாக்காரங்களோட நடந்த மோதல்ல செத்துப்போனாரே, அவருக்குக் குடுத்தது இதுதான். 2019ல விமானப்படை பைலட் அபிநந்தனுக்கு அறிவிச்சதும் இதுதான். மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக் சக்ரா, அது போர் இல்லாத காலத்து வீரத்துக்கு. உசுரக் குடுத்தவங்களுக்குள்ளயே இது வேற அது வேறன்னு பிரிச்சுப் பார்த்துக் குடுக்கறாங்க, நாம ஷீல்டு கடையில ஒரே டிசைன்ல நாப்பது ஆர்டர் பண்றோம். அந்தப் பதக்கத்துக்கு நடுவுல இருக்கற நாலு சிங்க முத்திரையையும் அதே மாதிரி ஷீல்டுல அச்சடிச்சிருக்காங்க. அத கண்டபடி பயன்படுத்தக் கூடாதுன்னு 2005லயே சட்டம் இருக்குது.

"மிலிட்டரிக்காரனும் சம்பளத்துக்குத்தான போறான்"னு இன்னொருத்தரு. ஆமாங்க, சம்பளத்துக்குத்தான் போறாங்க, வயித்துக்கு இல்லாமத்தான் எங்க அப்புச்சியும், எங்கம்மாவோட அப்பா, போனாரு. வீர் சக்ரா வாங்குனவங்களுக்கு மாசம் 3,500 ரூபாயா இருந்த படிய 2017லதான் 7,000 ஆக்குனாங்க. ஞாயித்துக்கெழம மேடைப் பூவுக்கு ஆன செலவு அதுக்கு மேல இருக்கும். இதுக்கு மேல அவருக்கு நான் பதில் சொல்லல, சொன்னா வேற மாதிரி வந்துரும்.

எங்க அப்புச்சி மெட்ராஸ் ரெஜிமெண்ட். காங்கேயம் பக்கத்துல மானாவாரிக் காடு, நாலு வருசம் மழையில்ல, மேட்டுப்பாளையத்துல மலை ரயில் ஏறி வெலிங்டன் போய்ச் சேந்தவரு. 71 பாகிஸ்தான் சண்டையில மேற்கால பார்டர்ல இருந்தாரு. அட்டாலி மேல ஒரு தகர ட்ரங்குப் பெட்டி இருக்கும், அந்துருண்ட வாசத்தோட. அதுல வேட்டித் துணியில சுத்தி ஒரு நட்சத்திரம், அந்த மேற்கு பார்டர்ல இருந்தவங்களுக்குக் குடுத்த பஸ்சிமி ஸ்டார்ங்கற பதக்கம். ரிப்பன் ஓரமெல்லாம் நூல் நூலாப் பிரிஞ்சு கெடக்கும். தீபாவளிக்கு முந்தின நாளு மட்டும் எடுத்து புளி போட்டுத் தொடைப்பாரு, என்னைத் தொட உடமாட்டாரு.

ஒருக்கா ஒறம்பரைக் கல்யாணத்துல மைக்குல ஒருத்தரு "போர்ல வீரப் பதக்கம் வாங்குனவரு நம்ம அய்யா"ன்னு சொல்லிட்டாரு. கூட்டமே கை தட்டுது. பந்தியில உக்காந்திருந்த மனுசன் எலையில கைய வெச்சபடி எந்திரிச்சு, "அது நானில்லீங்க. என்ரது சண்டைக்குப் போன அத்தன பேருத்துக்கும் குடுத்தது. வீரத்துக்குக் குடுக்கறது வேறீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் உக்காந்தாரு. அமுச்சிக்கு ஒரே வெசனம், சபையில எதுக்கு இப்படின்னு. வீட்டுக்கு வந்து அப்புச்சி சொன்னது ஒண்ணுதான், "அதுக்குப் பாத்தியப்பட்டவன் கூட வந்தவன், அவன் திரும்பி வல்ல." அந்தக் கூட வந்தவரு பேர அவரு எங்கிட்டச் சொன்னதே இல்ல. நானும் கேக்காம உட்டுட்டேன், இப்பக் கேக்கறதுக்கு அப்புச்சி இல்ல.

இந்த விழாவுல மூணாவதா மேடையேறி அந்த ஷீல்ட வாங்குனது எங்க பெரியம்மா பையன். அதே அப்புச்சியோட பேரன். அந்தப் பந்தியில எனக்குப் பக்கத்து எலையில உக்காந்திருந்தவன். சவுண்ட் சர்வீஸுக்குப் பணம் குடுத்தான்னு வீர் சக்ரா விருது. போன் பண்ணிக் கேட்டா, "அவங்களா குடுத்தாங்க, வேண்டாம்னா மரியாதையா இருக்குமா"ங்கறான். அண்ணா, நீ இதப் படிப்பேன்னு தெரியும். அப்புச்சி எந்திரிச்சு நின்னு வேண்டாம்னு சொன்னாரே, அது மரியாதை இல்லாமயா?

"உனக்குப் பொறாமை, உன்னைக் கூப்பிடல"ம்பீங்க. சொல்லிக்குங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ கொடியேத்தறோம், சல்யூட் அடிக்கறோம், ஸ்டேட்டஸ் வெக்கறோம். அப்புச்சி செத்தப்ப கட்டில்ல தலமாட்டுல அந்த நட்சத்திரத்த வெக்கோணும்னு நாந்தான் அழுதேன், "அத எதுக்கு இப்பத் தேடிக்கிட்டு"ன்னு பெரியவங்க உட்டுட்டாங்க. இன்னைக்கும் அது ட்ரங்குப் பெட்டியிலதான் கெடக்குது. நேத்து எறக்கிப் பார்த்தேன். ரிப்பன் இன்னும் கொஞ்சம் பிரிஞ்சிருக்குது.

விழா நடத்துன பெரியவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஷீல்டெல்லாம் திருப்பி வாங்குங்கன்னு சொல்லல. முன்னால ஒட்டியிருக்கற பித்தளைத் தகட்ட மட்டும் கழட்டி, ஊர் நற்பணி விருதுன்னோ வேற எதோ நல்ல பேரோ அடிச்சு ஒட்டிக் குடுங்க. நாப்பது தகட்டுக்கு ஆகற காச நான் தர்றேன். மொதல்ல எங்க அண்ணன் ஊட்டு ஷீல்ட எடுத்துட்டு வர்றேன், அதுல இருந்து ஆரம்பிங்க.