நாய்க்கு என்ன அர்த்தம், அத்தை?

போன வாரம் அண்ணன் மகள் ஒரு நாள் ஓவியப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மதுபானி ஓவியம் சொல்லிக்கொடுத்தார்களாம். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் விலங்கு, வலப்பக்கம் அதற்குப் பொருள். மீன் - வளம். ஆமை - நீண்ட ஆயுள். மயில் - காதல். யானை - செல்வம். பாம்பு - காவல். புலி - வீரம். இப்படிப் பதினைந்து வரி இருக்கும்.

"அத்தை, நான் நாய் வரையணும். இதுல நாயே இல்லை. நாய்க்கு என்ன அர்த்தம்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியும் எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவருக்கு உண்மைதான். ஆனாலும் அந்தத் தாள் ஒரு வாரமாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுபானி என்று நாம் சொல்வது பீகாரின் மிதிலைப் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சுவரில் வரைந்து வந்தது. அதன் உயிர்நாடி கோஹ்பர். கல்யாணம் ஆனதும் பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் சில இரவுகள் தங்கும் அறைக்கு கோஹ்பர் கர் என்று பெயர். அந்த அறைச் சுவரில் வட்ட வட்டமாகத் தாமரை இலைகள். நடு வட்டத்தை ஊடுருவிக்கொண்டு நேராக மேலே ஏறும் ஒரு தண்டு. அதை மூங்கில் என்பார்கள். சுற்றிலும் மீன், ஆமை, பாம்பு, கிளி. மேலே சூரியனும் நிலாவும். மூலைகளில் கண்ணேறு படாமல் காக்கும் நைனா ஜோகின் என்ற பெண் உருவம்.

மூங்கில் ஆண், தாமரை பெண் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். முடித்தும் விடுகிறார்கள். ஆனால் வம்சம் என்ற சொல்லுக்கே வடமொழியில் மூங்கில் என்றும் பொருள் உண்டு. ஒரு குத்தில் முளைத்து, ஒன்றை ஒன்று அண்டி, வெட்ட வெட்டப் பக்கத்தில் கிளைக்கிற மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு அதை யாரும் அட்டவணை போட்டு விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் மணமக்கள் தலையில் அட்சதை போட்டு என்ன சொல்லி வாழ்த்துகிறார்கள்? ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க. மிதிலைப் பாட்டி சுவரில் வரைந்ததை நம் பாட்டி வாயால் சொன்னாள். இரண்டு பேரும் குறியீடு என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது மூங்கில்.

மீனும் அப்படித்தான். மிதிலை தண்ணீர் தேசம். கோசியும் கமலாவும் வருடா வருடம் வெள்ளம் கொண்டுவரும் பூமி. அடிக்கு அடி குளம், மீன், மக்கானா (குளத்தில் விளையும் ஒரு விதை) என்று அந்த ஊரைப் பற்றி ஒரு சொலவடையே இருக்கிறது. கல்யாணத்துக்கும் மீன், பயணம் கிளம்பும்போது கண்ணில் பட வேண்டியதும் மீன். இப்படி ஆயிரம் வழியாக மிதிலைப் பெண்ணின் வாழ்க்கைக்குள் நீந்தி வந்த ஒன்றுதான் சுவரிலும் போய் உட்கார்கிறது. அதை "வளம்" என்ற ஒரே சொல்லில் நான் கூறு போட்டால் மிஞ்சுவது முள்தான்.

இதே மீன் இன்னோர் இடத்தில் என்ன ஆகிறது பாருங்கள். குறுந்தொகையில் ஒரு பாட்டு. வயலோரத்து மாமரத்திலிருந்து கனிந்து தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் தலைவன் என்று பரத்தை சொல்கிறாள். அந்த வாளைமீன் வளமா? ஆயுளா? சிரமப்படாமலே தன் வாயில் வந்து விழுந்தவன் அவன் என்பதைச் சொல்லாமல் சொல்கிற மீன் அது. இதற்கு நம் இலக்கணக்காரர்கள் உள்ளுறை என்று பெயர் வைத்தார்கள். யார் பேசுகிறார்கள், எந்த நிலம், யாரிடம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் மீனுக்குப் பொருள் வரும். மருதம் என்றால் எருமை, குறிஞ்சி என்றால் மயில் என்று கருப்பொருளுக்குப் பட்டியல் போடவும் நம்மவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டியல் பாட்டு தொடங்குகிற இடம். அதோடு பாட்டு முடிந்துவிடாது.

எனக்கு அந்தத் தாளில் ரொம்பவே வலித்தது புலி வரி.

மகாராஷ்டிரத்தில் தானே, பால்கர் பக்கம் வார்லிகள் என்ற பழங்குடிகள் இருக்கிறார்கள். செம்மண் பூசிய சுவர், அரிசிமாவுக் குழம்பு, நுனியை நசுக்கித் தூரிகையாக்கிய மூங்கில் குச்சி, அவ்வளவுதான் அவர்கள் ஓவியத்துக்கு வேண்டியது. அவர்களுக்குப் புலி, வாகோபா என்ற தெய்வம். மரப்பலகையில் புலியைச் செதுக்கி, மேலே சூரியனையும் சந்திரனையும் செதுக்கி, காட்டோரத்தில் நட்டு வைப்பார்கள். தீபாவளியை ஒட்டி வாக்பாரஸ் என்று ஒரு நாள். அன்று அதற்குப் படையல். ஒரு காலத்தில் புலி இருந்த, சிறுத்தை இன்றும் நிஜமாகவே வந்து போகும் காட்டில் இது ஓர் உடன்படிக்கை. உன் பங்கை நாங்கள் தருகிறோம், எங்கள் ஆட்டையும் மாட்டையும் பிள்ளையையும் விட்டுவிடு. அங்கே புலி பயப்பட வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர், கும்பிட வேண்டிய பெரியவர். "புலி - வீரம்" என்று எழுதியவருக்குப் புலியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

குஜராத்தில் சோட்டா உதேபூர் பக்கத்து ராத்வாப் பழங்குடிகள் வரையும் பித்தோரா ஓவியத்தில் சுவர் முழுக்கக் குதிரைகள். நேர்த்திக்கடனுக்காக வீட்டின் நடுச் சுவரில் வரைவிப்பது. வரைந்து முடித்ததும் பட்வோ என்ற பூசாரி அருள் வந்த நிலையில் சுவரின் முன்னால் நின்று, எல்லாத் தெய்வமும் வந்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஏதாவது விடுபட்டிருந்தால் வரைந்து சேர்க்க வேண்டும். அந்தக் குதிரைகளுக்கு "வேகம்" என்று பொருள் எழுதுவீர்களா? நம் அய்யனார் கோயில் மண்குதிரைக்கு முன்னால் நின்று யாராவது "இது வேகத்தின் குறியீடு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ராத்திரி அதில் ஏறி அய்யனார் ஊரைச் சுற்றுகிறார். அதற்கு மேல் அங்கே பொருள் எதற்கு?

இன்னும் சிலதைச் சொல்லாமல் விட மனசில்லை. ஒடிசாப் பட்டசித்திரத்தில் நவகுஞ்சரம் என்று ஓர் உருவம் உண்டு. சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடுப்பு, பாம்பு வால், யானைக் கால், புலிக் கால், குதிரைக் கால், நான்காவது காலின் இடத்தில் மனிதக் கை. 15-ஆம் நூற்றாண்டில் சாரளா தாசர் ஒடியாவில் பாடிய மகாபாரதத்தில் வருவது. காட்டில் இதைக் கண்ட அர்ஜுனன் வில்லை எடுக்கிறான். அந்த மனிதக் கையைப் பார்த்ததும் கண்ணன்தான் என்று புரிந்து வில்லைக் கீழே போடுகிறான். அட்டவணைப்படி படித்தால் இந்த உருவம் ஒன்பது பொருளின் கூட்டுத்தொகை. கதைப்படி பார்த்தால், கூட்டிப் பார்த்து விடை காண முடியாததால்தான் அது தெய்வம். கையால் தீட்டும் கலம்காரிக்குப் பேர்போன ஊர் திருக்காளத்தி. சீகாளத்தி என்ற பெயரையே பிரித்துச் சொல்வார்கள்: சீ சிலந்தி, காளம் பாம்பு, அத்தி யானை. மூன்றும் சிவனைப் பூசித்த ஊர். சிலந்திக்கும் தெய்வத்துக்கும் நடுவில் இவ்வளவுதான் தூரம் என்று நம்பியவர்கள் நாம்.

படத்தில் இருக்கும் இயற்கையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். படம் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். கலம்காரித் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் முக்கி எடுக்கிறார்கள். கறுப்பு, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கிடைப்பது. பட்டசித்திரத் துணிக்குப் புளியங்கொட்டைப் பசை, வெள்ளை நிறத்துக்குச் சங்கு. மிதிலையில் விளக்குக் கரியும் சாணியும். நீலகிரிக் குறும்பர்கள் வேங்கை மரத்துப் பாலில் வரைகிறார்கள். என் அம்மா அரிசிமாவில் கோலம் போடுவாள். கல்பொடியைத் தொட மாட்டாள். வெயில் ஏறும்போது வாசலில் குனிந்து பார்த்தால், சிக்குக்கோலத்து வளைவு ஒன்றின் மேலேயே எறும்பு வரிசை போய்க்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் வாயில் ஒரு வெள்ளைப் பொட்டோடு. பத்து மணிக்குள் ஓர் ஓரம் காணாமல் போயிருக்கும். எறும்பைக் கோலத்தில் யாரும் வரைவதில்லை. எறும்புக்காகத்தான் கோலமே.

சரி, நாய்க்கு வருகிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் பாட்டன்கர் என்று ஒரு சிற்றூர். கோண்டுப் பழங்குடிகளின் பாணர்களான பர்தான்கள் வாழும் ஊர். பானா என்ற நரம்பிசைக் கருவியை மீட்டி, சாஜா மரத்தில் உறையும் படா தேவ் என்ற தெய்வத்தைப் பாடி எழுப்புகிறவர்கள் அவர்கள். சாஜா என்பது நம்மூர்க் கருமருதுதான். அந்த ஊர்ப் பையன் ஜன்கர் சிங் ஷ்யாமின் சுவரோவியத்தை 1980-களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அனுப்பிய குழு பார்த்து, போபாலில் உள்ள பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்து வந்தது. இன்று கோண்டு ஓவியம் என்று நாம் அறிவது பெருமளவு அந்த ஒரு கையிலிருந்து கிளைத்தது. மானின் கொம்பு மேலே போகப் போக மரக்கிளை ஆகிவிடும். அதில் பறவை வந்து உட்கார்ந்திருக்கும். மான் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. 2001-இல் ஜப்பானில் அவர் அகாலமாக இறந்துபோனார்.

அவருடைய உறவினர் பஜ்ஜு ஷ்யாம். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். லண்டனில் ஓர் உணவகத்தின் சுவரில் வரைய அழைத்துப் போனார்கள். திரும்பி வந்து, தான் பார்த்த லண்டனை வரைந்தார். பிக் பென் கடிகாரம் அவருக்குச் சேவல்; இரண்டும் நேரம் சொல்கின்றன. சுரங்க ரயில், மண்ணுக்குக் கீழே ஊரும் மண்புழு. முதன்முதலில் ஏறிய விமானம், இறக்கை முளைத்த யானை, ஏனென்றால் அவ்வளவு கனத்தது பறப்பது யானை பறப்பதைப் போலத்தான். தினமும் வேலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த 30-ஆம் எண் பேருந்தை நாயாக வரைந்தார். அந்நிய ஊரில் தவறாமல் கூட வந்த ஒன்று அது.

அட்டவணையை வைத்துக்கொண்டிருந்தால் யானைக்கு "செல்வம்" என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். சொந்த மரபு கைக்குள் இருந்ததால்தான் லண்டன் பேருந்தைக்கூட அவரால் உறவு கொண்டாட முடிந்தது. என் கட்சி இதுதான். நாட்டார் ஓவியத்தில் விலங்கு என்பது ஓர் உறவு. பொருள் அந்த உறவிலிருந்து வருகிறது. உறவை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பறித்து வந்தால் அது வாடிவிடும்.

இதைச் சொன்னால், சந்தையே வேண்டாம் என்கிறாயா, அந்தக் கலைஞர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்பீர்கள். அப்படி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 1966-67இல் பீகாரில் கடும் பஞ்சம். கைவினை வாரியத்தின் சார்பில் புபுல் ஜெயகர் அனுப்பிய பாஸ்கர் குல்கர்னி மிதிலைப் பெண்களிடம் காகிதத்தைக் கொடுத்து, சுவரில் வரைவதை இதில் வரையுங்கள் என்றார். அந்தக் காகிதம் பல வீட்டு அடுப்பை எரியவைத்தது. சீதா தேவி, ஜகதம்பா தேவி, கங்கா தேவி என்ற பெயர்கள் உலகத்துக்குத் தெரிந்தது அதனால்தான். கங்கா தேவி அமெரிக்கா போனபோது ரோலர் கோஸ்டரை வரைந்தார். புற்றுநோய் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது அந்த வார்டையும் சிகிச்சையையும் அதே மிதிலைக் கோட்டில் வரைந்தார். அவருக்கு எந்தத் தாளும் வேண்டியிருக்கவில்லை.

உடம்பு அந்த நிலையில் இருந்தபோதே டெல்லி கைவினை அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஒரு கோஹ்பர் கர் வரைந்தார். 1991-இல் இறந்தார். 2015 வாக்கில் சீரமைப்பு என்ற பெயரில் அந்தச் சுவர்கள் போய்விட்டன. கோஹ்பர் அழிவது புதிதல்ல என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். வாஸ்தவம். கிராமத்தில் சுவர் நனைந்து உதிரும். அடுத்த கல்யாணத்துக்கு அதே பாட்டி மறுபடி வரைவாள். இங்கே மறுபடி வரைய அந்தப் பாட்டி இல்லையே. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

பயிற்சி நடத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரே நாளில் முப்பது பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லித்தர முடியும்? ஆனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தத் தாளின் வலப்பக்கத்தைக் காலியாக விட்டுக் கொடுங்கள். மிதிலையில் மீன் எப்படி வாழ்கிறது என்று கதையாகச் சொல்லுங்கள். அப்புறம், உன் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

அவள் கேட்டதற்கு நானும் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்டேன். "எந்த நாய்?" எங்கள் தெருவில் ஒரு கறுப்பு நாய் உண்டு. அதுதானாம். அதைப் பற்றி உனக்கு என்ன தெரியுமோ அதை வரை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

நேற்று ராத்திரி காட்டினாள். மதுபானியில் போடுவதுபோல இரட்டைக் கோட்டில் நாயின் உருவம், நடுவில் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள். கண் பெரிதாக, பக்கவாட்டில், மீனுக்குப் போடும் அதே கண். வயிற்றுக்குள் பூவும் இல்லை, இலையும் இல்லை. மேலிருந்து கீழாகச் சாய்வாகச் சின்னச் சின்னக் கோடுகள், நூற்றுக்கணக்கில். இது என்னடா கண்ணு என்றேன்.

"மழை அத்தை. மழை வந்தாத்தானே அது நம்ம வீட்டுத் திண்ணைக்கு வரும்."

கறுப்பு மை தீர்ந்துபோய்விட்டது. வால் இன்னும் பாக்கி.